ரெண்டு கோல் விட்ட பிறகுதான் ஆட்டம்

எங்கள் கம்பெனி ஃபுட்பால் டீம் முதல் பாதியில் தூங்கும். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சனிக்கிழமை ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டி, ஞாயிறு மதியம் வரைக்கும் மிச்சம் மீதியை முடித்து, கறிச்சோறு தின்ற கையோடு வேனில் ஏறி வருகிறவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? பந்து இந்தப் பக்கம் வரும், இவர்கள் அந்தப் பக்கம் பார்த்தபடி நிற்பார்கள். எதிர் டீம் ஒரு கோல் போட்டால் ஒருவர் கொட்டாவியை முடிப்பார். ரெண்டாவது கோல் விழுந்தால் இன்னொருவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார். அதற்குப் பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சரி, ஆரம்பிக்கலாமா என்கிற மாதிரி நிமிர்வார்கள். இடைவேளைக்கு அப்புறம் மூன்று கோல் போட்டு ஜெயித்துவிட்டு, பசிக்கிறது என்று வேனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆர்டர் வந்த நாளிலிருந்து துணி வரவில்லை, சாயம் சரியில்லை, லேபிள் வேறு சைஸ் என்று வேலை ஆடி அசைந்துதான் போகும். கன்டெய்னர் லாரி வாசலில் வந்து நின்றதும் எல்லோருக்கும் எங்கிருந்தோ ஒரு வெறி வரும். அதே ஆட்கள், அதே கை, அதே மிஷின். மாதம் முழுக்க ஆகாத வேலை ஒரு மூச்சில் முடியும். எங்கள் டீமுக்கு அந்த ரெண்டு கோல்தான் வாசலில் நிற்கிற லாரி.

நான் அதே கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஃபுட்பாலில் கையால் தொடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு முதலில் ஒன்றும் தெரியாது. மேட்ச் பார்க்கப் போனதற்குக் காரணம், கையால் தொடலாம் என்று அனுமதி பெற்ற ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவர்தான் கோல் கீப்பர்.

மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பல்லடத்திலிருந்து குண்டடம் போகிற வழியில் முதலாளியின் சொந்தக்காரர் ஒருவருக்கு மழையை நம்பிய மேட்டாங்காடு ஒன்று கிடந்தது. சோளம் விதைக்காத வருஷங்களில் அதைச் சமன் செய்து, ரெண்டு பக்கமும் இரும்புக் குழாயை நட்டு, சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தோம். ஓரமாக ஒரு வேலாமரம். அதன் அடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்துக்கொண்டு நாங்கள் பெண்கள் உட்காருவோம். வாரம் முழுக்க மிஷின் சத்தத்தில் இருந்தவளுக்கு அங்கே உட்கார்ந்தவுடன் காது அடைத்துப்போன மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அமைதி என்று புரியும். தூரத்தில் காற்றாலைகள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது போலச் சுற்றிக்கொண்டிருக்கும். பந்தை உதைப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகு வந்து சேரும். மஞ்சள் வெயிலில் புழுதி எழும்பி அப்படியே நிற்கும், அதற்குள் ஆட்கள் மங்கலாக மிதப்பார்கள். எனக்குக் கண் சொக்கும். பாதி தூக்கத்தில் கோல் விழும் சத்தம் கேட்டால், அது ஏதோ பக்கத்து ஊரில் யாருக்கோ நடந்ததாகத் தோன்றும்.

விழுந்தது என் வீட்டுக்காரருக்கு. அவருக்கு மட்டும்தான்.

அவர் செக்கிங்கில் இருக்கிறவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த மேஜைதான். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்து, உள்ளே கை விட்டு, தையல் விட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பார்த்து முகம் சுளிப்பார். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் முதுகில் பிசிறு தொங்கினால் இறங்கும்வரை அவருக்கு நிம்மதி கிடையாது. உயரமானவர், கை நீளம், அதனால் கீப்பர் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு, எதிர் டீம் ஆள் ஒருவன் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். இவர் முன்னால் வந்தார், கையை விரித்தார், அப்படியே நின்றுவிட்டார். பந்து இவர் காலுக்குப் பக்கத்தில் நடந்து போகிற வேகத்தில் உள்ளே போனது. எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு, “ஏனுங்க, அப்படி என்னத்தப் பாத்துட்டு நின்னீங்க?” என்று கேட்டேன்.

“அவன் தோள்பட்டைல ஸ்டிச்சு உட்டிருந்துச்சு புள்ள,” என்றார். “இன்னொருக்கா இழுத்தா கையே தனியா வந்துரும்.”

நான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. அவரும் சிரித்தார், கொஞ்சமாக. அதற்கு அப்புறம் நான் கவனித்துப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் முதல் பாதி முழுக்க எதிர் டீம் பனியன்களைச் செக் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொருவனாக வர வர ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பார். பார்த்து முடித்த பனியனில் அவருக்கு அக்கறை கிடையாது. இடைவேளைக்குள் மொத்த டீமையும் பார்த்து முடித்திருப்பார். ரெண்டாம் பாதியில்தான் அவர் கண்ணுக்குப் பந்து என்று ஒன்று தெரியும். அதற்குப் பிறகு ஒரு கோல் விட மாட்டார். எங்கள் டீம் பின்னாலிருந்து வந்து ஜெயிப்பதில் பாதி ரகசியம் இதுதான். மீதிப் பாதி கொட்டாவி.

ஆனால் டீம் வேறு கணக்குச் சொன்னது. ஒரு தடவை ரெண்டு கோல் பின்னால் இருந்தபோது, எங்கள் அயனிங் செக்‌ஷன் ஒடிசாக்காரர் பனியனை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்ததை யாரோ பார்த்தார்கள். தைத்து வருகிற பீஸ் எப்போதும் உள்பக்கம்தான் வெளியே இருக்கும், அதைத் திருப்ப மறந்து அப்படியே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இடைவேளையில் திருப்பிப் போட்டார். திரும்பிப் போய் மூன்று கோல் போட்டார். அன்றிலிருந்து அது சம்பிரதாயம். எல்லோரும் முதல் பாதியை உள்பக்கம் தெரிய ஆடுவார்கள். இடைவேளையில் பிள்ளையாரைக் கும்பிடுகிறவர்கள் கும்பிட்டு, சிலுவை போடுகிறவர்கள் போட்டு, மொத்தமாகப் பனியனைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். டீம் கேப்டன் எங்கள் கட்டிங் மாஸ்டர். அவர்தான் முதலில் திருப்ப வேண்டும் என்பதுவரை சட்டம் வந்துவிட்டது. தையல் ஓரமெல்லாம் வெளியே தெரிய எங்கள் ஆட்கள் இறங்கும்போது எதிர் டீம் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று நாங்கள் முறுக்கு தின்போம்.

அந்த ரெண்டாம் பாதிகளை நான் எப்படிச் சொல்வது? சிலவற்றை இப்போதும் மிஷினில் உட்கார்ந்து துணி ஓட்டும்போது பார்க்கிறேன். வெயில் சாய்ந்து நிழலெல்லாம் நீண்டு, ஆளைவிட நிழல் முன்னால் ஓடும். முதல் கோல் விழும்போது யாரும் கத்த மாட்டார்கள், லேசாக ஒரு சலசலப்பு மட்டும். ரெண்டாவதற்கு எல்லோரும் எழுந்து நிற்போம். மூன்றாவது வருகிறது என்று முன்கூட்டியே தெரியும், கரண்ட் வரப்போகிறது என்று சில சமயம் தெரியுமே, அப்படி. அந்த நேரத்தில் கடன் கிடையாது, வாடகை கிடையாது, திங்கட்கிழமை கிடையாது. ரெண்டு கோல் பின்னால் இருந்தால்தான் இந்தச் சுகம் கிடைக்கும் என்று எனக்கும் பழகிவிட்டது. எனக்கே பழகிவிட்டது என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா? மேட்ச் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் ஓரத்திலிருந்து குரல் வரும். “அண்ணா, ரெண்ட உட்டுத் தள்ளுங்ணா. அப்பத்தான் நம்ம பசங்களுக்கு ரோசம் வரும்.” அவர் கையை உயர்த்திச் சிரிப்பார். விட்டதும் கைதட்டுவார்கள். கோல் வாங்கியதற்குச் சொந்த டீமே கைதட்டுகிற ஒரே கீப்பர், இந்தப் பூமியில் இவராகத்தான் இருப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், கொடியில் அவர் பனியனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் முழங்காலில் தைலம் தேய்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் அந்த வருஷம் ரொம்பப் படுத்தியது. அடுத்த வருஷத்துக்கு பேக்கிங்கில் சேர்ந்திருக்கிற அசாம்காரரைக் கீப்பராக நிறுத்துவது என்று பேசி முடித்துவிட்டார்கள், இவரும் சரி என்றுவிட்டார்.

“ஒரே ஒரு மேட்ச்சு,” என்றார் திடீரென்று. “ஒரு கோலும் உடாம நின்னு பாக்கோணும் புள்ள.”

நான் விளையாட்டாக, “உட்டாத்தானுங்க நம்ம டீமே எந்திரிக்கும்,” என்றேன்.

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க,” என்றார். “என்ற மேசையத் தாண்டிப் போன பீஸு ஒண்ணு திரும்பி வந்ததில்ல. இங்க மட்டும் ஓட்டையாட்ட நிக்கறேன். அவங்க சிரிக்கறப்போ நானும் சிரிச்சுக்கறேன். அது வேற.”

கொடியில் இருந்த கிளிப்பைப் பிடித்தபடி நான் நின்றேன். பின்னாலிருந்து வந்து ஜெயிக்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் முதலில் கோல் விட வேண்டும். அந்த யாராவது ஒருவர் என் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் மேல் அவ்வளவு பாசம் பொங்கியது, அழுகை வந்துவிடும் போல இருந்தது. அழுதால் கிண்டல் செய்வார் என்று உள்ளே போய்விட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே மேட்ச், கம்பெனிகளுக்கு நடுவிலான கப்புக்கு ஃபைனல். எதிரில் மூலனூர் ரோட்டுப் பக்கத்துக் கம்பெனி ஒன்று, நல்ல டீம். வேனில் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் காதில், “செக்கிங்க மேட்ச்சுக்கு முன்னாடியே முடிச்சுப் போடுங்க,” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

இறங்கியதும் நேராக எதிர் டீம் நின்ற இடத்துக்குப் போனார். கை கொடுக்கிற சாக்கில் ஒவ்வொருவரிடமும் நின்றார். கையைப் பிடித்தபடியே தோளைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், “நல்லா ஆடுங்க சாமி” என்று முதுகைத் தட்டிக்கொடுப்பது போலத் திருப்பி முதுகையும் பார்த்தார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, மரியாதையாக நின்றார்கள். ஒருவனுடைய கீழ் மடிப்பில் நூல் தொங்கியது. பாக்கெட்டிலிருந்து பிசிறு வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்து நறுக்கிவிட்டார். அவன் தேங்ஸுங்க என்றான். டீம் முழுக்கப் பாஸ் ஆகிவிட்டது. திரும்பி வந்து கம்பத்துக்கு நடுவில் நின்றபோது அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் பாதியில் அவரிடம் நாலைந்து பந்து வந்தது. எல்லாவற்றையும் பிடித்தார். ஒன்றை நெஞ்சில் வாங்கினார், ஒன்றைக் காலால் தட்டினார், ஒன்றுக்கு முழங்காலை மறந்து பாய்ந்து விழுந்து எழுந்தார். எங்கள் பேனரில் யாரும் முறுக்கைத் தொடவில்லை. எனக்குப் பக்கத்தில் பேக்கிங்கில் இருக்கிற திருநெல்வேலிப் பக்கத்து அக்கா. அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஆட்டத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“என்ன மதினி, அண்ணாச்சி இன்னும் ஒண்ணும் வாங்கலியே,” என்றார். “இன்னைக்கு நம்ம கதை கந்தல்தான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோல் விழாததால் எங்கள் ஆட்கள் எழவே இல்லை. முன்னால் நிற்கிற ஒடிசாக்காரர் இடுப்பில் கை வைத்துக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் சண்டை வந்தது. பனியனைத் திருப்புவதா வேண்டாமா? பின்னால் இருந்தால்தானே திருப்ப வேண்டும், சமமாக இருந்தால் என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லை. திருப்பினால் இருப்பதும் கெட்டுப்போகும் என்றார்கள் சிலர். திருப்பாவிட்டால் மூன்று கோல் எப்படி வரும் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் கட்டிங் மாஸ்டர் தன் பனியனைக் கழற்றித் திருப்பினார், வரிசையாக எல்லோரும் திருப்பினார்கள். இவர் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்ணா, திருப்புங்க,” என்றார் கட்டிங் மாஸ்டர்.

“என்ற பக்கம் ஒரு தப்பும் நடக்கலீங்களே,” என்றார் இவர். “நான் எதுக்குத் திருப்போணும்?”

யாரிடமும் எதிர்த்துப் பேசாத மனுஷன். கட்டிங் மாஸ்டர் தன் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டார். தையல் ஓரமெல்லாம் வெளியே தெரிய என் வீட்டுக்காரர் மறுபடி கம்பத்துக்கு நடுவில் போய் நின்றார்.

ரெண்டாம் பாதி ஒரு கனவு போல நீண்டது. வெயில் கரைந்து, காட்டின் நிறமும் வானத்தின் நிறமும் ஒன்றாகிவிட்டன. எல்லோரும் எதிர்க் கோலைப் பார்த்து, இப்போது விழும், இப்போது விழும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜெயிப்பது தோற்பது எல்லாம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கிடந்த மாதிரி இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான், அந்த ரெண்டு குழாய்களுக்கு நடுவில் ஒன்றும் நுழையக் கூடாது. எங்கள் குலதெய்வத்துக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். அது போதாதோ என்று பட்டு வேட்டியும் சேர்த்தேன்.

விசில் ஊதப்போகிற நேரத்தில் அவர்களுடைய ஆள் ஒருவன், இவர் நூலை நறுக்கிவிட்டாரே அவன்தான், எல்லோரையும் தாண்டி வந்துவிட்டான். எங்கள் பக்கம் யாரும் இல்லை. இவர் முன்னால் நடந்தார். “போச்சு,” என்றார் பேக்கிங் அக்கா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உதைத்த சத்தம் கேட்டது. ஏதோ ஒன்றின் மேல் பந்து படீரென்று பட்ட சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் மண்ணில் குப்புறக் கிடந்தார், பந்து அவர் வயிற்றுக்கு அடியில் இருந்தது.

ரெண்டு பக்கமும் கோல் விழாமலே விசில் ஊதியாகிவிட்டது. இருட்டிக்கொண்டு வந்ததால் பெனால்டிக்கு நேரமில்லை என்று நடுவர் காசைச் சுண்டினார். டாஸில் கப் மூலனூர் பக்கம் போனது.

எங்கள் ஆட்களுக்கு நம்ப முடியவில்லை. கப் போனதைவிட, ஒரு கோலும் வாங்காமலே போனதுதான் அவர்களை உறுத்தியது. குண்டடம் பேக்கரியில் நிறுத்தி டீ சொன்னபோதுதான் கட்டிங் மாஸ்டர் வாயைத் திறந்தார். கோபம்கூட இல்லை, மனம் விட்டுப்போன குரல்.

“நீங்க வழக்கமாட்ட ரெண்டு உட்டிருந்தீங்கன்னா நாம மூணு போட்டிருப்பமுங்ணா,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது உண்மை. எனக்குச் சுருக்கென்றது. இவர் தலையைக் குனிந்துகொள்வார், எப்போதும் போலச் சிரித்துச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“கடைசிப் பந்தப் பாத்தியா?”

“இல்லீங்க,” என்றேன். “பயத்துல கண்ண மூடிட்டேன்.”

“பாக்கலியா?” என்று கேட்டுவிட்டு எழுந்து நின்றார். அந்தப் பேக்கரி வாசலில், பன் தட்டுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில், காலை அகட்டிக் கையை விரித்தார். அவன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான், எந்தக் காலை ஓங்கினான், ஓங்கும்போது அவன் பார்வை எந்த மூலைக்குப் போனது, தான் ஏன் ஒரு எட்டு முன்னால் வைத்தார், எல்லாவற்றையும் சொன்னார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனுஷன். அவன் பனியனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பந்தைப் பற்றி மட்டும் சொன்னார். அதன் மேல் ஒட்டியிருந்த மண்ணைச் சொன்னார், அது சுற்றிக்கொண்டு வந்ததைச் சொன்னார். அயனிங் ஒடிசாக்காரர் பன்னைக் கடிப்பதை நிறுத்தினார். ஒவ்வொருவராக இந்தப் பக்கம் திரும்பினார்கள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாராபுரம் போனது, அது கடக்கும்வரை நிறுத்தி, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பந்து நெஞ்சை நோக்கி வருகிற இடத்தில் கையைக் குவித்து நின்றுவிட்டார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த கட்டிங் மாஸ்டர், மைதானத்துக்குள்ளேயே நின்று எல்லாவற்றையும் பார்த்த அதே மனிதர், பொறுக்க முடியாமல் கேட்டார்.

“அப்பறம் என்னாச்சுங்ணா?”

“அப்பறமா?” என்றார் என் வீட்டுக்காரர். குவித்த கையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“அப்பறம் ஒண்ணும் ஆகலீங்க,” என்றார்.